தீம் ரவுண்டு நடத்தப் போகிறீர்களா? குமரி மாவட்டத்தில் முதன்முறை வினாடி வினா நடத்துபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஓணம், பொங்கல், கிளப் ஆண்டுவிழா என்று எது வந்தாலும் குமரி மாவட்டத்து ஊர்களில் வினாடி வினா ஒன்று நிகழ்ச்சி நிரலில் இருக்கும். பெரும்பாலும் போட்டித்தேர்வு கைடு ஒன்றைப் பிரித்து, ஐம்பது கேள்விகளைப் பொறுக்கி, மைக்கில் வாசித்து முடித்துவிடுகிறார்கள். மனப்பாடம் செய்தவர் பரிசு வாங்குவார். மற்றவர்கள் பாதியிலேயே எழுந்து சாயா குடிக்கப் போய்விடுவார்கள்.

தீம் ரவுண்டு இதை மாற்றும். ஐந்து கேள்விகள் கேட்பீர்கள். தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இருக்காது. ஆனால் ஐந்து விடைகளுக்கும் பொதுவாக ஒரு விஷயம் ஒளிந்திருக்கும். அதைக் கண்டுபிடிக்கும் அணிக்குத்தான் பெரிய மதிப்பெண். தீம் பிடிபட்டுவிட்டால், தெரியாத கேள்விக்கும் விடையைப் பின்பக்கமாக யோசித்து எட்டிவிடலாம். கைடு படிக்காத பிள்ளை, கவனித்துக் கேட்டதால் மட்டுமே ஜெயிக்கிற இடம் இது. இதற்காகத்தான் இந்தச் சுற்றை எல்லா ஊரிலும் நடத்த வேண்டும் என்கிறேன்.

எப்படி நடத்துவது என்று படிப்படியாகச் சொல்லித்தர எங்களுக்கு யாரும் கிடைக்கவில்லை. அனுமதிக் கடிதத்திலிருந்து ஆட்சேபம் வரை ஒவ்வொன்றையும் தட்டுத்தடுமாறித்தான் கற்றுக்கொண்டோம். உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம்.

1. தேதியை முதலில் குறியுங்கள்

ஒரு தீமை எழுதி, திருத்தி, சரிபார்க்க ஒரு வாரம் பிடிக்கும். மூன்று தீம்கள் உள்ள நிகழ்ச்சி என்றால் குறைந்தது ஒரு மாதம் கையில் இருக்க வேண்டும். "அடுத்த ஞாயிறு நடத்திடலாம்" என்று கிளப்பில் யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

எந்த நாள் ஆகாது என்பது முக்கியம். மார்ச், ஏப்ரல் பொதுத்தேர்வுக் காலம். மகா சிவராத்திரியை ஒட்டி, பக்தர்கள் பன்னிரண்டு சிவன் கோயில்களுக்கு ஓடிச் சென்று வணங்கும் சிவாலய ஓட்டம் நடக்கும். முன்சிறை முதல் கல்குளம் தாண்டி மேற்குப் பக்கச் சாலைகள் எல்லாம் பக்தர்களால் நிறைந்திருக்கும். நவம்பர் கடைசியிலிருந்து டிசம்பர் 3 வரை கோட்டாறு சவேரியார் திருவிழா. அப்புறம் கிறிஸ்துமஸ் வந்துவிடும். பாட்டுக்குழுவில் இருக்கும் பிள்ளைகள் ஒருவரும் கிடைக்க மாட்டார்கள். நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு என்பதையும் கணக்கில் எடுங்கள். அக்டோபர், நவம்பரில் பிற்பகலில் இடி இடித்தால் கரண்ட் போகும், புரொஜெக்டர் நிற்கும்.

ஓணத்தை ஒட்டிய நாள்களும் பொங்கல் விடுமுறையும் நல்ல காலம். நவம்பர் 1, அதாவது 1956இல் நம் மாவட்டம் தமிழகத்தோடு இணைந்த நாள், இன்னொரு நல்ல தேர்வு. மழைக்குப் பயந்து காலையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

நேரம்: காலை 9.30க்குத் தொடங்கி மதியம் 1 மணிக்குள் முடிப்பது உத்தமம். கடையாலுமூடு, பேச்சிப்பாறை பக்கமிருந்து நாகர்கோவிலுக்கு வருபவர்களுக்கு பஸ்தான் கதி. மாலை நிகழ்ச்சி வைத்து, இறுதிச்சுற்று நடக்கும்போது பாதி அணிகள் கடைசி பஸ்ஸை நினைத்துக்கொண்டிருந்தால் போட்டி சப்பென்று ஆகிவிடும்.

2. இடமும் கடிதங்களும்

நூலகக் கூடம், பள்ளி வகுப்பறை, சமுதாய நலக்கூடம், ஆலய வளாக அரங்கு என்று எது கிடைத்தாலும் சரி. நூறு பேருக்கு மேல் வராத நிகழ்ச்சிக்குக் கல்யாண மண்டபம் வேண்டாம், எதிரொலியில் கேள்வியே புரியாது.

எழுத்தில் கையில் இருக்க வேண்டியவை:

இடத்துக்கான அனுமதிக் கடிதம். பள்ளி என்றால் தலைமை ஆசிரியருக்கு மனு கொடுங்கள். அரசுப் பள்ளியாக இருந்தால் அவர் மேலிடத்தில் கேட்க வேண்டியிருக்கலாம், அதற்கென்று இரண்டு வாரம் விட்டுவிடுங்கள். "அதெல்லாம் வந்து நடத்துங்க" என்ற வாய்வார்த்தையை நம்பிப் போய், காலையில் பூட்டிய கேட்டின் முன் நாங்கள் நின்றிருக்கிறோம். சாவி யாரிடம் இருக்கிறது, அவர் அன்று ஊரில் இருப்பாரா என்பதையும் முந்தின நாளே கேட்டுவிடுங்கள்.

மைக் செட் வெளியே கட்டுவதானால் காவல் நிலையத்தில் ஒலிபெருக்கிக்கு அனுமதி வாங்க வேண்டும். மனுவை இரண்டு பிரதி எடுத்துப் போங்கள். ஒன்றைக் கொடுத்து, மற்றதில் பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு எப்படியும் தடை உண்டு. அரங்குக்குள் சின்ன ஸ்பீக்கர் ஒன்று போதும் என்றால் வேலை எளிது.

அணிப் பதிவுப் படிவம். பெயர், வகுப்பு அல்லது வயது, ஊர், ஒரு போன் நம்பர் போதும். வயதுப் பிரிவு வைத்திருந்தால் பள்ளி அடையாள அட்டையைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஆதார் நகல் வாங்கிக் குவிக்கும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அது தேவையும் இல்லை, பத்திரமாக வைத்துக்கொள்ள நமக்கு வசதியும் இல்லை. பிள்ளைகள் வெளியூரிலிருந்து தனியாக வந்தால் பெற்றோர் கையெழுத்திட்ட சம்மதச் சீட்டு வாங்குங்கள்.

விதித்தாள் ஒன்று தயார் செய்யுங்கள். ஒரு பக்கம் போதும். அதில் என்ன இருக்க வேண்டும் என்று ஆறாவது படியில் சொல்கிறேன்.

3. தீமை முதலில் முடிவு செய்யுங்கள், கேள்வியை அல்ல

புதிதாக எழுதுபவர்கள் நல்ல கேள்விகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு, அவற்றுக்குள் ஏதாவது ஒற்றுமை தெரிகிறதா என்று தேடுவார்கள். அப்படிச் செய்தால் இழுத்துக் கட்டிய தீம்தான் வரும். முதலில் தீம், பிறகு விடைகள், கடைசியில் கேள்விகள். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

தீம் எப்படியெல்லாம் அமையலாம்? ஐந்தும் ஒரே இனம் என்பது எளிய வகை: ஐந்து மாநிலங்கள், ஐந்து ஆறுகள். இது சின்னப் பிள்ளைகளுக்குப் போதும். பெரியவர்களுக்குச் சுவைக்காது. விடைப் பெயருக்குள் ஒரு சொல் ஒளிந்திருப்பது அடுத்த வகை. எல்லாம் ஒரே தேதியில் நடந்தது என்பது இன்னொன்று. விடைகளைச் சேர்த்தால் புதிதாக ஒன்று முளைக்கும் வகைதான் எனக்கு மிகவும் பிடித்தது.

சில உதாரணங்கள் தருகிறேன். அப்படியே எடுத்துப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

முதல் தீம். கேள்விகள்: பானிபட்டும் குருக்ஷேத்திரமும் எந்த மாநிலத்தில் உள்ளன? சாஞ்சி ஸ்தூபியும் கஜுராஹோ கோயில்களும் எந்த மாநிலத்தில் உள்ளன? பிலாய் எஃகு ஆலை எங்கே? தமிழ்நாட்டுக்குள் இருக்கும் பத்மநாபபுரம் அரண்மனையைப் பராமரிப்பது எந்த மாநில அரசு? விடைகள்: ஹரியானா, மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், கேரளா. ஐந்தாவதாகக் கர்நாடகாவுக்கு நீங்களே ஒரு கேள்வி எழுதிக்கொள்ளுங்கள்.

"மாநிலங்கள்" என்று உடனே யாராவது சீட்டு நீட்டுவார்கள். அது உண்மைதான், ஆனால் தீம் அது இல்லை. "மத்தியப் பிரதேசத்திலிருந்து பிரிந்தவை" என்று இன்னொரு அணி எழுதும். சத்தீஸ்கருக்குப் பொருந்தும், கேரளாவுக்குப் பொருந்தாது. சரியான விடை நவம்பர் 1. கேரளா, மத்தியப் பிரதேசம், மைசூர் என்ற பெயரில் கர்நாடகா ஆகியவை 1956இல், ஹரியானா 1966இல், சத்தீஸ்கர் 2000இல், எல்லாம் அதே தேதியில் உருவானவை. நம் மாவட்டம் தமிழகத்தோடு சேர்ந்ததும் அதே நாள் என்று நீங்கள் மைக்கில் சொல்லும்போது கூடத்தில் ஒரு சலசலப்பு எழும். இணைப்பு நாள் நிகழ்ச்சிக்கு இதைவிடப் பொருத்தமான தீம் கிடைக்காது.

இரண்டாவது தீம், விடைகள் எல்லாம் எண்கள். கொரியாவை வடக்கு, தெற்கு என்று பிரிக்க 1945இல் எத்தனையாவது அட்சரேகையை எடுத்துக்கொண்டார்கள்? 38. 1517இல் விட்டன்பெர்க்கில் மார்ட்டின் லூதர் முன்வைத்த வாதங்கள் எத்தனை? 95. கர்ணம் மல்லேஸ்வரி பளுதூக்குதலில் வெண்கலம் வென்ற சிட்னி ஒலிம்பிக் நடந்த ஆண்டு? 2000.

38, 95, 2000. காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு அணிகள் முழிப்பார்கள். ஒருவராவது 38ஐயும் 95ஐயும் கூட்டிப் பார்ப்பார். 133 வரும். அவ்வளவுதான், கை தானாக உயரும். கன்னியாகுமரி வள்ளுவர் சிலையின் மொத்த உயரம் 133 அடி. அறத்துப்பாலின் 38 அதிகாரங்களைக் குறிக்க 38 அடிப் பீடம். பொருட்பாலின் 70, காமத்துப்பாலின் 25 அதிகாரங்களைச் சேர்த்து 95 அடிச் சிலை. திறப்பு விழா 2000 ஜனவரி 1. தினமும் கரையிலிருந்து பார்க்கிற சிலைக்குள் இந்தக் கணக்கு இருப்பது பல பேருக்கு அன்றுதான் தெரியும். மூன்றே கேள்விகள் இருந்தாலும் இது முழுமையான தீம். ஐந்து வேண்டும் என்பதற்காக இதை நீட்டாதீர்கள்.

மூன்றாவது, பெயருக்குள் ஒளிந்திருக்கும் வகை. அவதி மொழியில் ராமன் கதையைப் பாடிய பக்திக் கவி யார்? துளசிதாசர். 1955 டிசம்பரில் அமெரிக்காவின் மாண்ட்கோமரியில் பஸ்ஸில் இருக்கையை விட்டு எழ மறுத்துக் கைதானவர்? ரோசா பார்க்ஸ். திருவனந்தபுரத்துக்கு முன்பு திருவிதாங்கூரின் தலைநகராக இருந்த, மரவேலைக்குப் பேர்போன அரண்மனை உள்ள ஊர்? பத்மநாபபுரம். 2011 ஜனவரியில் துனீசியாவின் அதிபர் பென் அலியை நாட்டை விட்டு ஓடவைத்த எழுச்சியை ஊடகங்கள் எப்படி அழைத்தன? மல்லிகைப் புரட்சி. துளசி, ரோசா, பத்மம் (தாமரை), மல்லிகை. எல்லாம் காலையில் தோவாளைப் பூச்சந்தைக்குப் போனால் வாங்கலாம்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, கவனியுங்கள். "பூக்கள்" என்று தீமை வைத்தால், துளசி பூவா என்று ஆட்சேபம் வரும். நியாயமான ஆட்சேபம்தான், துளசியை இலைக்காகத்தானே மாலையில் வைக்கிறோம்? ஆகவே தீமை "மாலை கட்டுபவை" என்றோ "தோவாளைச் சந்தையில் கிடைப்பவை" என்றோ முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டு, "பூக்கள்" என்று எழுதுபவருக்கும் மதிப்பெண் தரலாம் என்று அதன் கீழே குறித்துக்கொள்ளுங்கள். போட்டி நடக்கும்போது யோசித்து முடிவு செய்தால் சண்டை வரும்.

ஒரே தகவலை இருவிதமாகப் பயன்படுத்தலாம் என்பதையும் பார்த்திருப்பீர்கள். முதல் தீமில் பத்மநாபபுரம் கேள்விக்குள் வந்தது, மூன்றாவதில் அதுவே விடை. ஆனால் ஒரே நிகழ்ச்சியில் இரண்டையும் வைக்காதீர்கள், ஒன்று மற்றதைக் காட்டிக்கொடுக்கும்.

4. விடைகளை வரிசைப்படுத்துதல்

தீமின் உயிர் வரிசையில்தான் இருக்கிறது. மூன்றாவது விடைக்குப் பிறகு கூர்மையான ஒரு அணிக்குப் பிடிபட வேண்டும், ஐந்தாவதுக்குப் பிறகு பாதிப்பேருக்காவது பிடிபட வேண்டும். நன்றாக ஒளிந்திருக்கும் விடைகளை முதலில் போடுங்கள், வெளிப்படையானதைக் கடைசியில். மாலைத் தீமில் மல்லிகைப் புரட்சியை முதலில் கேட்டால் ஆட்டம் அங்கேயே முடிந்தது. துளசிதாசரில் தொடங்கினால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

சில தீம்கள் எப்படி அடுக்கினாலும் சீக்கிரம் உடைந்துவிடும். ஐந்திணை அப்படி ஒன்று. பாரி தேர் கொடுத்தது எதற்கு என்று முல்லையைக் கேட்டு, 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூப்பது எது என்று குறிஞ்சியைக் கேட்டால் இரண்டாவது விடையிலேயே எல்லாருக்கும் தெரிந்துவிடும். இதைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. நான்கை மட்டும் கேட்டுவிட்டு, "இந்த வரிசையில் வர வேண்டிய எது நம் மாவட்டத்தில் கிடையாது?" என்று முடியுங்கள். மலை, காடு, வயல், கடல் நான்கும் இருக்கிற மாவட்டம், பாலை மட்டும் இல்லை என்று பள்ளியில் படித்தவர்களுக்கு உடனே பொறிதட்டும். டை பிரேக்கருக்கு நன்றாகப் பயன்படும்.

விடைக்குள் ஊர்ப்பெயரின் பாதியை மட்டும் ஒளித்து வைக்கும் முறையும் உண்டு. சிரியஸுக்கு அடுத்தபடி பிரகாசமான கனோபஸ் நட்சத்திரத்துக்கு நம் மரபில் எந்த முனிவர் பெயர் என்றால் அகத்தியர். நெடுங்கிள்ளியை உறையூரில் முற்றுகையிட்டவன், கோவூர்கிழார் பாடிச் சமாதானம் செய்ய முயன்ற சோழன் யார் என்றால் நலங்கிள்ளி. இப்படியே கல், வட்டம் என்று போனால் அகஸ்தீஸ்வரம், கிள்ளியூர், கல்குளம், திருவட்டாறு என்று தாலுகாக்கள் விரியும். இது கடினமான தீம். கல்லூரி மாணவர்களுக்கும் பெரியவர்களுக்கும் மட்டும் வையுங்கள்.

5. கேள்வியை எழுதுதல், சரிபார்த்தல்

ஒவ்வொரு கேள்வியும் தீம் இல்லாமலேயே நல்ல கேள்வியாக நிற்க வேண்டும். "சிவப்பாக, முள்ளோடு இருக்கும் பூவின் பெயரைக் கொண்ட அமெரிக்கப் பெண்மணி யார்?" என்று கேட்டால் தீமை நீங்களே உடைத்துவிட்டீர்கள். கேள்விக்குள் தீமின் சாயலே இருக்கக் கூடாது. வாக்கியம் மூன்று வரிக்கு மேல் போகக் கூடாது, மைக்கில் ஒருமுறை கேட்டதும் மனதில் நிற்க வேண்டும்.

அப்புறம் சரிபார்ப்பு. இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். கைடுகளில் இருப்பது பழைய தகவலாக இருக்கும். குமரி மாவட்டத்தில் எத்தனை தாலுகா என்று கேட்டால் பழைய புத்தகங்கள் நான்கு என்று சொல்லும். கிள்ளியூர், திருவட்டாறு சேர்ந்து இப்போது ஆறு. நாகர்கோவில் 2019இல் மாநகராட்சி ஆகிவிட்டது, இன்னும் நகராட்சி என்றே அச்சிட்டு விற்கிறார்கள். விவேகானந்தர் பாறையிலிருந்து வள்ளுவர் சிலைக்குப் படகில்தான் போக முடியும் என்று எழுதியிருப்பதும் பழங்கதை, இரண்டுக்கும் நடுவே 2024 டிசம்பர் இறுதியில் கண்ணாடிப் பாலம் திறந்தாயிற்று. "ஆசியாவிலேயே உயரமான", "இந்தியாவிலேயே முதல்" என்று தொடங்கும் தகவல்களைத் தொடவே தொடாதீர்கள். மாத்தூர் தொட்டிப்பாலத்தைப் பற்றிக் கேட்க ஆசை இருந்தால், எந்த ஆற்றின் குறுக்கே நிற்கிறது என்று கேளுங்கள். பறளியாறு. அதில் வாக்குவாதத்துக்கு இடமில்லை.

ஒவ்வொரு தகவலையும் இரண்டு இடத்தில் பாருங்கள். தமிழ்நாடு பாடநூல்கள், மாவட்ட நிர்வாகத்தின் இணையதளம், நாகர்கோவில் மாவட்ட மைய நூலகத்தில் இருக்கும் கலைக்களஞ்சியங்கள் ஆகியவை போதும். வாட்ஸ்அப்பில் வந்ததை எடுக்க வேண்டாம். எங்கே பார்த்தீர்கள் என்பதைப் பக்க எண்ணோடு குறித்து வையுங்கள். அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துக் கோப்பில் வைத்தால் இன்னும் நல்லது.

குவிஸ் மாஸ்டரின் கோப்பில் ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு பக்கம். கேள்வி, விடை, ஏற்றுக்கொள்ளக்கூடிய வேறு விடைகள், தகவல் எடுத்த இடம், தீமோடு எப்படி இணைகிறது, இவ்வளவும் அதில் இருக்க வேண்டும். குளச்சலைக் கொளச்சல் என்றும் எழுதுவார்கள், சொல்வார்கள். எழுத்துப்பிழைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை என்று முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள். விளவங்கோடு பக்கத்துப் பிள்ளைகளில் மலையாளம் கலந்து சொல்பவர்கள் உண்டு, ஆள் சரியாகத்தான் சொல்கிறார் என்று புரிந்தால் ஏற்றுக்கொள்ளுங்கள்.

நிகழ்ச்சிக்குப் பத்து நாள் முன்பு, போட்டியில் கலந்துகொள்ளாத இரண்டு பேரிடம் சோதித்துப் பாருங்கள். ஒருவர் தினமும் பேப்பர் வாசிப்பவராக இருக்கட்டும், இன்னொருவர் பிளஸ் டூ படிப்பவராக இருக்கட்டும். இருவருக்கும் இரண்டாவது விடையிலேயே தீம் தெரிந்துவிட்டால் வரிசையை மாற்றுங்கள். கடைசி விடைக்குப் பிறகும் இருவருக்கும் தெரியாமல், நீங்கள் விளக்கிச் சொன்ன பிறகும் "ஓ, அப்படியா" என்று மட்டும் சொன்னால், அந்தத் தீமைக் கைவிடுங்கள். எவ்வளவு உழைத்து எழுதியிருந்தாலும் சரி.

6. மதிப்பெண் விதி

விதித்தாளில் இவை இருக்கட்டும்:

இரண்டு பேர் ஓர் அணி. எழுத்துச் சுற்று 20 கேள்விகள், 30 நிமிடம். முதல் 6 அணிகள் மேடைக்கு. தீம் சுற்றில் ஒவ்வொரு சரியான விடைக்கும் 10 மதிப்பெண், யோசிக்க 30 விநாடி, தவறான விடைக்குக் கழிப்பதில்லை.

தீமை ஊகிக்க ஒவ்வொரு அணிக்கும் ஒரே ஒரு வாய்ப்பு. இரண்டாவது விடைக்குப் பின் சொன்னால் 40, மூன்றாவதுக்குப் பின் 30, நான்காவதுக்குப் பின் 20, ஐந்தாவதுக்குப் பின் 10. தவறாக இருந்தால் 10 கழியும். இந்தக் கழிவு இல்லாவிட்டால் எல்லாரும் இரண்டாவது கேள்வியிலேயே குருட்டாம்போக்கில் எழுதிக் கொடுப்பார்கள்.

ஊகத்தை வாயால் சொல்லக் கூடாது, சீட்டில் எழுதித் தர வேண்டும். கை உயர்ந்ததும் தன்னார்வலர் ஒருவர் போய்ச் சீட்டை வாங்கி, எத்தனையாவது விடைக்குப் பிறகு என்று அதன் மேல் எழுதி, மடித்து மேசையில் வைக்க வேண்டும். சரியா தவறா என்பதைக் கடைசிக் கேள்வி முடியும்வரை சொல்லக் கூடாது. குவிஸ் மாஸ்டரின் முகமும் எதையும் காட்டக் கூடாது! சீட்டை வாசித்ததும் சிரித்துவிட்டால் மற்ற அணிகள் கண்டுபிடித்துவிடும். அதனால் சீட்டை அவர் பார்க்காமலே இருப்பது நல்லது, மதிப்பெண் எழுதுபவர் பார்த்தால் போதும்.

ஒவ்வொரு கேள்விக்கும் சரியான விடையை அங்கேயே அறிவித்துவிட வேண்டும். யாருக்கும் தெரியாவிட்டாலும் அறிவியுங்கள். விடை தெரியாமல் தீமை எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?

பார்வையாளர்களை மறக்காதீர்கள். அவர்களுக்கும் காகிதத் துண்டு கொடுங்கள். தீமை முதலில் எழுதித் தரும் பார்வையாளருக்கு ஒரு சின்னப் பரிசு. பிள்ளைகளை அழைத்து வந்த அம்மாக்கள், தாத்தாக்கள் எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

7. செலவு

ஊருக்கு ஊர் மாறும், நாங்கள் நடத்திய அளவில் சொல்கிறேன். முப்பது அணிகள் வரும் நிகழ்ச்சியை 6,000 ரூபாய்க்குள் முடிக்கலாம். இடம் இலவசமாகக் கிடைத்தால்தான் இந்தக் கணக்கு. அதில் பாதி பரிசுக்குப் போகும், மற்றது ஜெராக்ஸ், சாயாவும் பழம்பொரியும், ஸ்பீக்கர் வாடகை. பள்ளியின் புரொஜெக்டர் கிடைத்தால் சரி. வாடகைக்கு எடுக்கும் அளவுக்கு அது அவசியமில்லை, விடைகளை வரிசையாக எழுதிக் காட்ட ஒரு கரும்பலகை போதும். சொல்லப்போனால் தீம் சுற்றுக்குக் கரும்பலகைதான் வசதி, எல்லா விடைகளும் ஒரே நேரத்தில் கண்முன் இருக்கும்.

ஷீல்டுக்குப் பணத்தைக் கொட்டாதீர்கள். முதல் பரிசுக்குப் புத்தகமும் கொஞ்சம் ரொக்கமும் கொடுங்கள். ஓணம் சமயமானால் ஒரு ஏத்தன் வாழைக்குலையையே பரிசாக வைக்கலாம். அதைத் தூக்கிக்கொண்டு பிள்ளைகள் பஸ் ஏறுவதைப் பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் குலை விலை பண்டிகைக்கு முந்தின வாரம் ஏறிவிடும், முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

நுழைவுக் கட்டணம் வாங்க வேண்டாம் என்பது என் கருத்து. வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் ரசீது கொடுங்கள். கடைகளில் நன்கொடை கேட்டாலும் ரசீதுப் புத்தகம் கையில் இருக்கட்டும். பேனரில் பெயர் போடுவதாகச் சொன்னால் பேனரை அச்சுக்குக் கொடுக்கும் முன் அந்தப் பெயர்களை ஒருமுறை அவர்களிடமே காட்டிவிடுங்கள்.

8. அன்றைக்கு

ஒரு மணி நேரம் முன்பே போய் மைக்கைச் சோதியுங்கள். கேள்வித்தாள் கட்டு உறையில் ஒட்டியபடியே இருக்கட்டும், எழுத்துச் சுற்று தொடங்கும்போது எல்லார் முன்னாலும் பிரியுங்கள். உள்ளூர்க் கிளப் அணி ஜெயித்தால் கேள்வி கசிந்தது என்ற பேச்சு வரும். இந்த ஒரு செயல் அதை நிறுத்திவிடும். கேள்வி எழுதியவரின் வீட்டுப் பிள்ளைகள் போட்டியில் சேரக் கூடாது.

எழுத்துச் சுற்றைத் திருத்த அரை மணி நேரம் ஆகும். அந்த நேரத்தில் சாயா கொடுத்துவிடுங்கள். மேடையில் தீம் சுற்றுக்கு முன்பு, மதிப்பெண் இல்லாத ஒரு மாதிரித் தீமை நடத்திக் காட்டுங்கள். மூன்று எளிய கேள்விகள் போதும். முதன்முறை வருபவர்களுக்கு விதித்தாளை வாசித்துக் காட்டுவதால் இது புரியாது, விளையாடினால்தான் புரியும்.

தலைமை தாங்க வருபவர் பேச்சுக்கு ஐந்து நிமிடம் என்று சொல்லி வையுங்கள். பரிசு கொடுக்கும் நேரத்தில் பேசச் சொன்னால் இன்னும் நல்லது.

9. ஆட்சேபம்

வரும். ஆட்சேபத் தாள் என்று ஒரு அச்சிட்ட படிவம் வைத்துக்கொள்ளுங்கள். கேள்வி எண், அணி எண், ஆட்சேபம் என்ன, ஆதாரம் என்ன, இவ்வளவுதான். மேடையில் வாயால் சொல்லும் ஆட்சேபத்தை எடுக்காதீர்கள், எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதச் சொன்னதும் பாதி ஆட்சேபங்கள் நின்றுவிடும். எழுதித் தருபவற்றில் நியாயம் இருந்தால் அந்தச் சுற்று முடிவதற்குள் தீர்ப்பு சொல்லுங்கள். கோப்பில் ஜெராக்ஸ் இருப்பது இப்போது கைகொடுக்கும். ஆட்சேபம் சரி என்று தெரிந்தால் கேள்வியை எல்லா அணிகளுக்கும் ரத்து செய்யுங்கள், ஒரு அணிக்கு மட்டும் சேர்த்துத் தராதீர்கள்.

நீங்கள் நினைக்காத ஒரு தீமை ஒரு அணி எழுதித் தந்து, அது எல்லா விடைகளுக்கும் உண்மையாகவே பொருந்தினால் முழு மதிப்பெண் தரலாம். ஆனால் "எல்லாம் தமிழ்ச் சொற்கள்", "எல்லாம் பெயர்ச்சொற்கள்", மாநிலத் தீமில் "எல்லாம் மாநிலங்கள்" என்பன எழுதியிருந்தால் கூடாது. அந்தத் தீமுக்குள் வராத வேறு விடையையும் அந்த ஊகம் உள்ளே விடுகிறதா என்று பாருங்கள். குஜராத்தும் ஒரு மாநிலம்தான், ஆனால் அது பிறந்தது மே 1இல் இல்லையா? அப்படி எதையும் உள்ளே விடும் ஊகத்துக்கு மதிப்பெண் இல்லை என்று விதித்தாளிலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள்.

10. முடிந்த பிறகு

எல்லாத் தீம்களையும் விளக்கத்தோடு அச்சிட்ட விடைத்தாளை வெளியே போகும்போது கொடுங்கள். பஸ்ஸில் போகும்போது பிள்ளைகள் அதைத்தான் வாசித்துக்கொண்டு போவார்கள். மதிப்பெண் பட்டியலையும் சீட்டுகளையும் ஒரு மாதம் பத்திரமாக வையுங்கள். வரவு செலவை அதே வாரத்தில் கிளப் நோட்டில் எழுதி, பில்களை ஒட்டி, பொருளாளரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால் ஜெராக்ஸ் பில் கிடைக்காது.

பயன்படுத்திய தீம்களைத் தனி நோட்டில், எந்த ஊரில் எப்போது நடத்தியது என்று குறித்து வையுங்கள். தக்கலையில் போட்ட தீமைக் குலசேகரத்தில் அடுத்த மாதமே போடாதீர்கள், வரும் அணிகளில் பாதி ஒரே அணிகள்தான். நாகர்கோவிலில் போட்டதைக் குழித்துறையில் ஓராண்டு கழித்துப் போடலாம், அப்போதும் கேள்விகளை மாற்றிவிட்டு விடைகளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.